என்எஃப்எல் ஆஃப்சீசன் சைனிங்க எடை போடறது எப்படி: டிஃபென்ஸ் பக்கம் மட்டும், ஒரு ஈகிள்ஸ் ரசிகனோட முழு வழிகாட்டி

என்கிட்ட ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கு, என்எஃப்எல்லுல, அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக்ல, டீம்கள் புது ஆளுங்கள ஒப்பந்தம் பண்ற மார்ச் மாசம் வந்தா அத தேடி எடுத்து மேஜை மேல வச்சுக்குவேன். 2024 மார்ச் பக்கத்துல ப்ரைஸ் ஹஃப் பேருக்கு எதிர்ல அஞ்சு ஸ்டார் போட்டு, அது பத்தாதுன்னு அடியில ரெண்டு கோடு வேற இழுத்து வச்சிருக்கேன். அதுக்கு நாலு வரி கீழ, பேனா மை தீர்ற நேரம் போல, லேசா ஒரு வரி: "ஜாக் பான், ஸ்பெஷல் டீமுக்கு, விடு." ஸ்பெஷல் டீம்னா கிக் ஆட்டத்துக்கு மட்டும் இறங்கறவங்க. ஸ்டார் கிடையாது. அந்த சீசன் முடியறப்போ பான் ஃபர்ஸ்ட் டீம் ஆல் ப்ரோ, அதாவது அந்த வருஷத்து சிறந்த ஆளுங்க பட்டியல்ல, இறுதி ஆட்டமான சூப்பர் போல்ல எதிராளி வீசுன பால புடிச்ச இன்டர்செப்ஷன் வேற. அஞ்சு ஸ்டார் வாங்குன ஹஃப் அந்த மேட்ச்ல டிரெஸ்ஸே மாட்டல, இன்ஆக்டிவ்.

தெற்கு ஜெர்சில இருக்கற எல்லாரும் மாதிரி நானும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ்தான், பக்கத்து வீட்டுக்காரர் புண்ணியம். அந்த நோட்டு பக்கத்த நான் கிழிக்கல, ஏன்னா நான் எங்க தப்பு பண்ணேன்னு அதுலயே இருக்கு. அத வச்சுதான் இத எழுதறேன். ஆட்டத்தோட அடிப்படை தெரிஞ்சவங்களுக்குத்தான் இது, நாலு டவுன்னா என்னன்னு கேக்கறவங்க கொஞ்சம் மேட்ச் பாத்துட்டு வாங்க.

படி 1: மார்ச்சுக்கு முன்னாடியே போன வருஷ புண்ண எழுதி வைங்க

இது ஜனவரி, பிப்ரவரி வேலை. கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளுங்கள எந்த டீமும் எடுக்கற ஃப்ரீ ஏஜென்சி ஆரம்பிச்ச பிறகு உக்காந்து யோசிச்சா, வர்ற பேர் ஒவ்வொண்ணும் நமக்கு தேவையான பேராத்தான் தெரியும். தி.நகர்ல பட்டியல் இல்லாம போய் நின்னா என்ன ஆகும்னு தெரியும்ல, அதே கதைதான்.

எங்க கதைய எடுத்துக்குங்க. 2023 சீசன்ல ஈகிள்ஸ் 10-1ன்னு (பத்து வெற்றி, ஒரு தோல்வி) ஆரம்பிச்சு, கடைசி ஆறுல அஞ்சு தோத்து, 11-6ல முடிஞ்சு, ப்ளேஆஃப் முதல் ரவுண்டுல டாம்பா போய் 32-9ன்னு வாங்கி கட்டிட்டு வந்தாங்க. அந்த மேட்ச்ல ஒருத்தன புடிக்க மூணு பேர் போய் மூணு பேரும் நழுவ விட்டத நான் மறக்கவே மாட்டேன். கொடுத்த பாயிண்ட்ஸ் 428, லீக்ல 30வது இடம். டிசம்பர் நடுவுல, டிஃபென்ஸ கவனிக்கற கோச்சான கோஆர்டினேட்டர் ஷான் தேசாய் கையிலேந்து, என்ன ஆடணும்னு முடிவு பண்ற ப்ளே காலிங்க வாங்கி மேட் பட்ரீசியா கிட்ட குடுத்தாங்க, அதுக்கப்பறம் இன்னும் மோசம்.

"டிஃபென்ஸ் மோசம்"னு மட்டும் எழுதினா போதாது, எந்த இடத்துல கிழிஞ்சுதுன்னு எழுதணும். (லைன்பேக்கர் நடு வரிசை, சேஃப்டி கடைசி வரிசை, கார்னர்பேக் ஓரத்து ரிசீவர காக்கறவர், ஸ்லாட் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடம், எட்ஜ் ரஷர் ஓரத்துலேந்து பால் வீசற குவார்ட்டர்பேக் மேல பாயறவர்.) நான் எழுதுனது இது: நடு மைதானத்துல, லைன்பேக்கருக்கு பின்னாடி சேஃப்டிக்கு முன்னாடி போற பால் எல்லாம் கேட்ச். கார்னர்பேக் ரெண்டு பேருக்கும் வயசாச்சு. ஸ்லாட்ல ஆளே இல்ல. எட்ஜ் ரஷ் பரவால்ல.

இப்ப என் அஞ்சு ஸ்டார் யாருக்குப் போச்சுன்னு பாருங்க. எட்ஜ் ரஷருக்கு. பரவால்லன்னு நானே எழுதுன இடத்துக்கு. லைன்பேக்கர் இடத்துக்கு வந்தவன "விடு"ன்னுட்டேன். நோட்டுல எழுதுனா மட்டும் பத்தாது, திருப்பி ஒரு தடவ படிக்கவும் செய்யணும்.

படி 2: கோஆர்டினேட்டர் யாரு, அவர் என்ன ஆட்டம் ஆடுவாரு

இதுதான் எல்லாத்துக்கும் மேல. இத விட்டுட்டு மீதி எல்லாத்தையும் செஞ்சாலும் வேஸ்ட்.

2024ல மயாமிலேந்து விக் ஃபான்ஜியோவ கோஆர்டினேட்டரா கூட்டிட்டு வந்தாங்க. மனுஷன் பென்சில்வேனியாக்காரர், டன்மோர் ஊரு. அவரோட ஆட்டத்த எளிமையா சொன்னா, ரெண்டு சேஃப்டியும் ஸ்னாப்புக்கு, அதாவது ப்ளே தொடங்கறதுக்கு, முன்னாடி பின்னால தள்ளி நிப்பாங்க, பால் கை மாறுன பிறகுதான் யார் எங்க போறாங்கன்னே தெரியும், குவார்ட்டர்பேக் ஒரு படத்த பாத்துட்டு வேற படத்துக்குள்ள மாட்டிக்குவான். பெரிய ப்ளே குடுக்காத, சின்ன சின்னதா வேணா எடுத்துக்கோ, பன்னெண்டு ப்ளே தப்பே இல்லாம ஆடி காட்டுன்னு எதிராளிகிட்ட சொல்ற ஆட்டம். பிளிட்ஸ், அதாவது வழக்கமான நாலு பேருக்கு மேல ஆள அனுப்பி பாயறது, ரொம்ப கம்மி. ரெண்டு பேர் பின்னாடி நிக்கறதால முன்னாடி பால தூக்கிட்டு ஓடற ரன்ன நிறுத்த ஆள் குறையும், அதனால நடுவுல ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ் மாதிரி மலை மாதிரி ஆளுங்க வேணும், அவங்களுக்கு பின்னாடி ஓடவும் தெரிஞ்சு, ரிசீவர காக்கற கவரேஜும் ஆடத் தெரிஞ்ச லைன்பேக்கர் வேணும். அந்த லைன்பேக்கர் இல்லன்னா இந்த ஸ்கீமே இல்ல.

இது தெரிஞ்சா போதும், எந்த சைனிங் முக்கியம்னு பாதி புரிஞ்சுரும்.

தெரியாம பண்ணா என்ன ஆகும்ங்கறதுக்கு எங்க ஊர்லயே பெரிய பாடம் இருக்கு, 2011. ஒப்பந்தத் தகராறுல லீக் மூடிக் கிடந்த லாக்அவுட் முடிஞ்சு ஜூலை கடைசில கடை திறந்ததும் நம்டி அசமுவாவ 5 வருஷம் 60 மில்லியன் டாலருக்கு எடுத்தாங்க. லீக்லயே டாப் கார்னர், ரெய்டர்ஸ்ல ஒரு பக்கமா நின்னு எதிர்ல இருக்கற ரிசீவர ஆரம்பத்துலயே முட்டி நிறுத்தி மேன் கவரேஜ் ஆடுவாரு, அவர் பக்கம் பாலே வராது. இங்க வந்ததும் சோன் ஆடு (ஆள விட்டு இடத்த காக்கறது), அங்க நில்லு, இங்க நகருன்னு ஆரம்பிச்சுட்டாங்க. கோஆர்டினேட்டர் யாருன்னா ஹுவான் காஸ்டியோ, அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் எதிர்ப் பக்கமான அஃபென்ஸ்ல லைன் கோச்! சமையல்காரர கூட்டிட்டு வந்து பந்தல் போடச் சொன்ன மாதிரி. பேக்கப் குவார்ட்டர்பேக்கா வந்த வின்ஸ் யங் வாய் சும்மா இல்லாம "ட்ரீம் டீம்"ன்னு சொல்லிட்டாரு, அந்த டீம் 4-8ல கிடந்து, கடைசி நாலு ஜெயிச்சு 8-8ல முடிஞ்சுது. 2013 மார்ச்ல அசமுவாவ ரிலீஸ் பண்ணிட்டாங்க. ஆள் திடீர்னு ஆட்டத்த மறந்துட்டாரா என்ன, குடுத்த வேலைதான் அவரோட வேலை இல்ல. இன்னிக்கும் யாராவது அவர பஸ்ட்னு, அதாவது வேஸ்ட்னு, சொன்னா எனக்கு கொஞ்சம் கோவம் வரும்.

இதே மாதிரி ஆல்பர்ட் ஹேன்ஸ்வர்த். 2009ல வாஷிங்டன் 7 வருஷம் 100 மில்லியன்னு எடுத்துச்சு. டென்னசில 4-3 லைன்ல (முன்னாடி நாலு பேர், பின்னாடி மூணு லைன்பேக்கர்) இடைவெளில பாஞ்சு உள்ள போய் பேர் வாங்குன ஆளு. 2010ல மைக் ஷனஹன் வந்து 3-4க்கு மாத்தி, நடுவுல நின்னு ரெண்டு ப்ளாக்கர தாங்கிக்கோன்னாரு. ஆளுக்கு புடிக்கல, சண்டை, 2011ல நியூ இங்கிலாந்துக்கு அனுப்பியாச்சு. இதுல ஆள் மேலயும் நிறைய தப்பு இருக்கு, நான் இல்லன்னு சொல்லல.

அதனால ஒரு டிஃபென்டர் பேரு வந்ததும் கேக்க வேண்டிய ஒரே கேள்வி: பழைய டீம்ல எங்க நின்னான், என்ன பண்ணான், புது கோஆர்டினேட்டர் அதையே பண்ண சொல்லுவாரா?

படி 3: தேதிய பாருங்க

சுருக்கமா முடிச்சுடறேன். புது லீக் வருஷம் மார்ச் நடுவுல ஒரு புதன்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஈஸ்டர்ன் டைம்ல ஆரம்பிக்கும், இந்தியால வியாழன் விடியக்காலை ஒன்றரை மணி. ஆனா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி திங்கள் மதியம் 12 மணிக்கே ஏஜென்ட்கள்கிட்ட பேசலாம், ஊர்ல ராத்திரி ஒன்பதரை. அதுக்கு லீகல் டாம்பரிங்னு பேரு, சட்டப்படி திருட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கும். முக்காவாசி பெரிய டீல் அந்த முதல் ரெண்டு மூணு மணி நேரத்துலயே வெளிய வந்துரும். சாப்பிட்டுட்டு உக்காருங்க.

முதல் நாள் போறதெல்லாம் எம்ஆர்பிக்கு மேல போற சரக்கு, நாலு டீம் ஒரே ஆளுக்கு கை தூக்குதுல்ல. ரெண்டாவது வாரம் போறது நியாய விலை. காலேஜ் ஆளுங்கள டீம்கள் வரிசையா பொறுக்கற டிராஃப்ட் முடிஞ்சப்பறம் மே மாசம் எடுக்கறது தள்ளுபடி விலை, அப்ப எடுத்தா அடுத்த வருஷ காம்பன்சேட்டரி பிக் (ஆள இழந்த டீமுக்கு ஈடா கிடைக்கற டிராஃப்ட் வாய்ப்பு) கணக்குலயும் அடி விழாது. அதனாலதான் மூத்த கார்னர்பேக் பல பேர் மே வரைக்கும் வீட்ல உக்காந்திருப்பாங்க, யாரும் கூப்பிடலன்னு நினைச்சு பாவப்படாதீங்க.

படி 4: பணத்த எப்படி படிக்கறது

டிவில வர்ற மொத்த தொகைய நம்பாதீங்க. 4 வருஷம் 80 மில்லியன்னு வந்தா அது பேப்பர்ல இருக்கற நம்பர். உண்மையான நம்பர் கியாரண்டீ எவ்வளவுங்கறது. அது முடியற வருஷம்தான் உண்மையான கான்ட்ராக்ட் முடியற வருஷம், மீதி எல்லாம் டீம் இஷ்டம்.

அப்பறம் கேப், ஒரு டீம் ஒரு வருஷம் சம்பளத்துக்கு செலவு பண்ணக்கூடிய உச்ச வரம்பு. 2023ல 224.8 மில்லியன், 2024ல 255.4, 2025ல 279.2. ஒரே வருஷத்துல 30 மில்லியன் ஏறுனா போன வருஷ விலைய வச்சு "அய்யய்யோ இவனுக்கு இவ்ளோவா"ன்னு அலர்றதுல அர்த்தமே இல்ல. எப்பவும் அந்த வருஷ கேப்ல எத்தன சதவீதம்னு பாருங்க, 2025 கேப்ல 14 மில்லியன்னா சுமார் அஞ்சு சதவீதம், அவ்ளோதான்.

சைனிங் போனஸ் கையில ஒரே தடவ போகும், கேப் கணக்குல அதிகபட்சம் 5 வருஷத்துக்கு பிரிச்சு எழுதலாம். உதாரணத்துக்கு 20 மில்லியன் போனஸ்னா வருஷத்துக்கு 4. ஆள் 2 வருஷத்துல போயிட்டா மீதி 12ம் கணக்குல வந்து உக்காரும், ஆள் இருக்க மாட்டான் காசு மட்டும் நிக்கும், டெட் மணின்னு சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க. எங்க ஜிஎம் ஹோவி ரோஸ்மன் ஆடாத வருஷத்த கூட கான்ட்ராக்ட் கடைசில ஒட்டி வச்சு போனஸ அதுல இழுத்து விடுவாரு, வாய்ட் இயர்னு சொல்வாங்க. சீட்டு கட்டி கல்யாணம் பண்ற மாதிரிதான், கேப் ஏறிட்டே இருக்கற வரைக்கும் ஓடும்.

படி 5: எத்தன ஸ்னாப் ஆடினான்

இங்கதான் நான் விழுந்தேன், அதனால கொஞ்சம் நிதானமா.

ஹஃப் 2023ல நியூயார்க் ஜெட்ஸ்ல 10 சாக் (பால் வீசறதுக்குள்ள குவார்ட்டர்பேக்க கீழ தள்றது). அதுவும் டிஃபென்ஸ் ஸ்னாப்ல, அதாவது டிஃபென்ஸ் ஆடுன ப்ளேல, பாதிக்கும் கம்மியா ஆடி 10. நான் என்ன கணக்கு போட்டேன்? பாதி ஸ்னாப்ல 10னா முழு ஸ்னாப்ல 20ன்னு. அரை மணி நேரத்துல ஒரு தோசைக்கல்லுல பத்து தோசைன்னா ஒரு மணி நேரத்துல இருபதுன்னு போடற கணக்கு இங்க ஒத்து வராது, ஏன்னா அவன் ஆடுன ஸ்னாப் எல்லாம் பொறுக்கி எடுத்த ஸ்னாப். ஜெட்ஸ்ல ஆள் நிறைய, சுத்தி சுத்தி அனுப்புவாங்க, எதிராளி பாஸ்தான் போடுவான்னு தெரியற நேரத்துல ஹஃப் உள்ள வந்து அகலமா நின்னு ஒரே பாய்ச்சல். ரன்ன பத்தி கவலை இல்ல, கவரேஜுக்கு பின்னாடி இறங்கற வேலை பெருசா இல்ல.

ஃபான்ஜியோ ஆட்டத்துல அந்த இடத்துக்கு வேற வேலையும் இருக்கு. வெளி ஓரத்த கட்டணும், ரன்னுக்கு நிக்கணும், சில நேரம் பின்னாடி இறங்கணும். 3 வருஷம் 51.1 மில்லியன் குடுத்து எடுத்தவன் முதல் சில வாரத்துலயே ஓரங்கட்டப்பட்டான், அப்பறம் மணிக்கட்டுல அடி, 12 மேட்ச்ல 2.5 சாக். 2025ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ட்ரேட். அவனுக்காக வழி விட்ட எங்க பழைய எட்ஜ் ரஷர் ஹாசன் ரெடிக்க ஜெட்ஸுக்கு குடுத்தோம், அவர் அங்க காசு பிரச்சனைல அக்டோபர் வரைக்கும் வரவே இல்ல, அதனால ரெண்டு பக்கமும் அழுகை சமம்.

அதனால பாஸ் ரஷர் பேரு வந்தா சாக் எண்ணிக்கைய மூடி வச்சுட்டு மூணு விஷயம் பாருங்க: மொத்த ஸ்னாப்ல எத்தன சதவீதம் ஆடினான், முதல் டவுன்ல மைதானத்துல இருந்தானா, அவனுக்கு பக்கத்துல யார் நின்னாங்க. முதல் டவுன்ல வெளிய உக்காந்திருந்தா, ஏன்னு அவன் பழைய கோச்சுக்கு தெரியும், உங்களுக்கு தெரியல, அவ்ளோதான். ரெண்டு முழு மேட்ச் பாத்தா புரிஞ்சுரும், ஹைலைட்ஸ் பாக்காதீங்க, அதுல எல்லாரும் ஹீரோ.

படி 6: ஒரு வருஷ சின்ன டீல்கள்லதான் புதையல்

ஜாக் பான் 2020ல நியூ ஆர்லியன்ஸ் மூணாவது ரவுண்டுல எடுத்த ஆளு, நாலு வருஷமா பெரும்பாலும் ஸ்பெஷல் டீம், நடுநடுவுல ஓரத்துல கொஞ்சம். ஈகிள்ஸ் குடுத்தது 1 வருஷம் 3.5 மில்லியன். எங்க வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கு ஒருத்தர் "இவன் கொஞ்சம் சுவாரசியமான ஆளு"ன்னு போட்டப்போ நான்தான் சிரிக்கற எமோஜி போட்டேன், அவர் இன்னும் அந்த ஸ்க்ரீன்ஷாட்ட வச்சிருக்காரு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அனுப்புவாரு.

ஃபான்ஜியோ அவன ஓரத்துலேந்து நடுவுக்கு கொண்டு வந்து இன்சைட் லைன்பேக்கர் ஆக்கினாரு. 151 டாக்கிள் (ஆள புடிச்சு வீழ்த்தறது), 5 ஃபோர்ஸ்ட் ஃபம்பிள் (எதிராளி கையிலேந்து பால தட்டி விழ வைக்கறது), 3.5 சாக். ஓரத்துல ஆடி பழகுனதால ப்ளாக்கர்கிட்ட மாட்டாம வெளிய வரத் தெரியும், பால கையால குத்தி உருவத் தெரியும். நான் படி 1ல எழுதி வச்ச அதே ஓட்டை, அடைச்சது இவன்.

இது எப்பவும் நடக்கும்னு நினைக்காதீங்க. அதே மார்ச்ல, அதே லைன்பேக்கர் இடத்துக்கு, பெரிய பேரா வந்தவர் டெவின் வைட், டாம்பால சூப்பர் போல் ஜெயிச்சவரு. அவர் ஒரு மேட்ச் கூட ஆடாம அக்டோபர்ல ரிலீஸ் ஆனாரு. ஓரன் பர்க்ஸ்னு இன்னொருத்தர், நான் நோட்டுல பேரு கூட எழுதல, ப்ளேஆஃப்ல கிரீன் பே மேட்ச்ல நகோபி டீனுக்கு முட்டில அடிபட்டதும் உள்ள வந்து கடைசி வரைக்கும் ஆடினாரு. ஒரே இடத்துக்கு மூணு நாலு சின்ன டீல் போட்டா, அதுல ஒண்ணு தேறினா டீமுக்கு லாபம். ரசிகனா நம்ம வேலை எது தேறும்னு சொல்றது இல்ல, அந்த இடத்துக்கு எத்தன பேர கொண்டு வராங்கன்னு எண்றது. எண்ணிக்கை ஜாஸ்தின்னா டீமே அங்க ஓட்டை இருக்குன்னு ஒத்துக்கறாங்க.

படி 7: டிராஃப்ட் முடியற வரைக்கும் பட்டியல மூடாதீங்க

2024 மார்ச்ல கார்னருக்கு யாரையும் பெருசா எடுக்கலன்னு ஃபிலடெல்ஃபியா ரேடியோல ஒரே கூச்சல். ஏப்ரல் கடைசில டிட்ராய்ட்ல நடந்த டிராஃப்ட்ல 22வது பிக் க்வின்யான் மிட்செல், 40வது பிக் கூப்பர் டிஜீன். அதாவது மார்ச்ல வாங்காதது மறதி இல்ல, கடைய மாத்தி வச்சிருந்தாங்க. டிஜீனுக்கு கோடையில ஹாம்ஸ்ட்ரிங் பிரச்சனை, ஸ்லாட் இடத்துக்கு ஸ்டார்ட்டரா வந்தது ஆறாவது வாரம்தான், வந்தப்பறம் அந்த பக்கம் பால் போட ஆளுங்க யோசிச்சாங்க.

பொதுவா விலை ஜாஸ்தி இருக்கற இடத்த, கார்னர், எட்ஜ், முன் வரிசை நடுவுல நிக்கற டிஃபென்சிவ் டாக்கிள், டிராஃப்ட்ல எடுத்தா நாலு வருஷம் சல்லிசா ஓட்டலாம். சேஃப்டி, லைன்பேக்கர் மாதிரி சந்தைல விலை கம்மியான இடத்த ஃப்ரீ ஏஜென்சில வாங்கறது புத்தி. சி.ஜே. கார்ட்னர் ஜான்சன திருப்பி கூட்டிட்டு வந்ததும் அந்த கணக்குதான், ஆளும் 6 இன்டர்செப்ஷன் எடுத்தாரு. வாய்தான் கொஞ்சம் நீளம், அது தனி கதை.

படி 8: போனவங்கள எண்ணுங்க

வந்தவங்கள பத்தி ஆயிரம் பேர் பேசுவாங்க, போனவங்கள பத்தி பேச்சே இருக்காது. 2025 மார்ச்ல எங்க வீட்ட பாருங்க: மில்டன் வில்லியம்ஸ் 4 வருஷம் 104 மில்லியனுக்கு நியூ இங்கிலாந்து, ஜாஷ் ஸ்வெட் அரிசோனா, டேரியஸ் ஸ்லேய் ரிலீஸ், கார்ட்னர் ஜான்சன் ஹூஸ்டனுக்கு ட்ரேட். சூப்பர் போல்ல வந்த 6 சாக்ல ஸ்வெட் 2.5, வில்லியம்ஸ் 2, ரெண்டு பேரும் காலி. நோட்டுல ரெண்டு கட்டம் போடுங்க, இடது பக்கம் போன ஆளும் அவன் ஸ்னாப் சதவீதமும், வலது பக்கம் அந்த ஸ்னாப்ப யார் ஆடப் போறாங்கன்னு. வலது பக்கம் காலியா இருந்தா அங்கதான் அடுத்த சீசன் புண்ணு.

எல்லாரையும் வச்சுக்க முடியாது, யார வச்சுக்கிட்டாங்கங்கறதுல டீமோட மனசு தெரியும்.

படி 9: மார்க் போடறத பை வீக் வரைக்கும் தள்ளி வைங்க

பை வீக்னா சீசன் நடுவுல டீமுக்கு ஆட்டமே இல்லாத ஓய்வு வாரம். அதுக்கு முன்னாடி வர்ற ப்ரீசீசன் மேட்ச் மூணையும் பாத்து முடிவு பண்ணாதீங்க, முக்கிய ஆளுங்க பாதி பேர் கோட்டு மாட்டிட்டு ஓரமா நிப்பாங்க. முதல் நாலு வாரமும் ஏமாத்தும். 2024ல நாலாவது வாரம் திருப்பி அதே டாம்பா, 33-16 தோல்வி, 2-2, திருப்பி அதே மாதிரி டாக்கிள் நழுவல். நான் அன்னிக்கு டிவிய ஆஃப் பண்ணிட்டு புல்லு வெட்ட போயிட்டேன், ஃபான்ஜியோ கதை முடிஞ்சுதுன்னு. அஞ்சாவது வாரம் பை. ஆறாவது வாரத்துலேந்து வரிசையா 10 வெற்றி. சீசன் முடியறப்போ யார்ட்ஸ் கணக்குல லீக்லயே முதல் டிஃபென்ஸ், பாயிண்ட்ஸ் 428லேந்து 303. நடுவுல வாஷிங்டன்கிட்ட 36 குடுத்து ஒரு உதையும் வாங்கினாங்க, நல்ல டிஃபென்ஸுக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

ஏன் இவ்வளவு நேரம் ஆச்சுன்னா புது ஸ்கீம்ல அஞ்சாறு பேர் புதுசு, யார் யார்கிட்ட ரிசீவர ஒப்படைக்கணும்னு கண்ணாலயே பேசிக்கற அளவுக்கு பழகணும். 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ்ல நடந்த சூப்பர் போல்ல அது தெரிஞ்சுது. கன்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸுக்கு எதிரா ஒரு பிளிட்ஸ் கூட அனுப்பாம, முன்னாடி நாலே பேர வச்சு 6 சாக், 40-22. டிஜீனுக்கு அன்னிக்கு 22வது பிறந்தநாள், இன்டர்செப்ட் பண்ணி 38 யார்ட் ஓடி டச்டவுன். பின்னாடி ஏழு பேர் நின்ன நிலைல மஹோம்ஸ் பால கையில வச்சுக்கிட்டு ஒரு வினாடி கூடுதலா தேடினாரு பாருங்க, அந்த ஒரு வினாடிக்குத்தான் மார்ச்லேந்து இத்தன பாடு.

அடுத்த மாசம், 2025 மார்ச்ல, பானுக்கு புது கான்ட்ராக்ட். 3 வருஷம், 51 மில்லியன். முந்தின வருஷம் ஹஃபுக்கு எழுதுன அதே கால அளவு, கிட்டத்தட்ட அதே தொகை. நான் நோட்ட எடுத்து பழைய பக்கத்துல அந்த நம்பர பானோட வரிக்கு பக்கத்துல எழுதிட்டேன், மை இப்ப நல்லா இருந்துச்சு. ஸ்டார் போடற கட்டத்த எடுத்தாச்சு, இப்ப அங்க நாலு கட்டம்: எங்க நின்னான், இங்க எங்க நிப்பான், எத்தன ஸ்னாப், கியாரண்டீ எவ்வளவு. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அது அக்டோபர் வரைக்கும் காலி.